அக்காவைக் கூட்டிவரச் சொல்கிறார்கள்

போன தவக்காலத்தில் அம்மா போன் செய்தாள். சாப்பாடு, வேலை, பிள்ளையின் சளி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ சொன்னா அவ கேப்பாய்யா. நீயும் போயிட்டு வந்தவன்தான" என்றாள்.

போயிட்டு வந்தவன். எங்கள் குடும்பத்தில் இப்போது என் பதவி அதுதான். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், 2007-ல் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். பெரியாரை வாசித்தேன், ரஸ்ஸலை வாசித்தேன், ஹாஸ்டலில் இரவு முழுக்கக் கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டுக் காலையில் தூங்கினேன். எட்டு வருஷம் கழித்து, சென்னையில் வேலை பார்க்கும்போது, ஒரு ரிலீஸ் முடிந்த விடிகாலையில் அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு கோயில் திறந்திருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு வயசான அம்மாக்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுநாளும் போனேன். ஆறு மாதம் அங்கே யாரும் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

ஆனால் குடும்பத்தின் கணக்கு வேறு. அம்மாவின் நவநாள்களும் பெரியம்மாவின் கண்ணீரும் சித்தப்பா அனுப்பிய வாட்ஸப் வீடியோக்களும்தான் என்னை இழுத்துவந்தன என்று அவர்கள் நம்புகிறார்கள். ஒருவனிடம் வேலை செய்த முறை இன்னொருத்தியிடமும் வேலை செய்யும் அல்லவா? ஆகவே அடுத்தது அக்கா.

அக்கா பெங்களூரில் இருக்கிறாள். ஓர் இந்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். 2019-ல் அப்பா இறந்தபோது அடக்கப் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றாள். நன்மை வாங்க எல்லோரும் எழுந்து போனபோது அவள் எழவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஓர் உறவுக்காரப் பெண் பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள். இருவரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அப்பாவின் பெட்டி நடுவில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேருக்காக எழுதப்படுகிறது. அம்மாவுக்காக. எனக்காகவும்.

நம் வீடுகளில் 'திரும்பக் கூட்டிவருதல்' எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதலில் கண்ணீர். அடுத்து பயமுறுத்தல்: "நான் கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவையாவது…" அப்புறம் தந்திரம். வேளாங்கண்ணிக்குச் சும்மா போய்வரலாம் என்று கூட்டிப்போய், அங்கே ஏற்கெனவே பேசிவைத்திருந்த ஒரு சாமியார் முன்னால் உட்காரவைப்பது. பேரப்பிள்ளைக்கு ரகசியமாகக் கழுத்தில் உத்தரியம் போட்டுவிடுவது. சம்பந்தப்பட்டவரின் வாழ்க்கை சரியில்லை என்று அவர் இல்லாத இடத்தில் செபக் குழுவில் அறிவிப்பது. 'விண்ணப்பம்' என்ற பெயரில் நடக்கும் புறணி அது.

இதையெல்லாம் அன்பு என்கிறோம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை அமளிக்கு நடுவில் ஒரேயொரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவள் ஏன் போனாள்?

நான் சொல்கிறேன். 2008-ல் அக்காவுக்கு இருபத்துமூன்று வயது. சென்னையில் வேலை. அவள் ஒருவரை விரும்பினாள். அவர் கத்தோலிக்கர். ஞானஸ்நானம் பெற்றவர், உறுதிபூசுதல் பெற்றவர், கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்தவர். லீவில் வீட்டுக்கு வந்திருந்தவளின் போனில் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்து அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டியவன் நான்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பங்கு?" இரண்டாவது கேள்வி, "என்ன ஆளுங்க?"

இரண்டாவது கேள்விக்கான பதிலோடு எல்லாம் முடிந்தது. "அவன் நம்ம ஆளு இல்லல்லா" என்று அம்மா அழுதாள். பெரியம்மா, சித்தப்பா, இன்று நவநாள் சொல்லும் அத்தனை பேரும் அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், கீழே சிவப்பு பல்பு. அந்த வெளிச்சத்தில்தான் பேசினார்கள். இரண்டு பேரும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்ற வாதத்தை அக்கா வைத்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் பதில் இல்லை.

எனக்கு அப்போது கடவுள் நம்பிக்கை கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். நான் பகுத்தறிவாளன், மூன்றாம் வருஷ மாணவன். ஆனாலும் போனை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். நம்பிக்கை என்னைவிட்டுப் போயிருந்தது, சாதி போகவில்லை. கத்தோலிக்கம் எட்டு வருஷம் இல்லாமல் என்னால் இருக்க முடிந்தது. இது இல்லாமல் ஒரு மத்தியானம்கூட இருக்க முடியவில்லை.

பிறகு அக்கா வேலையை மாற்றிக்கொண்டு பெங்களூர் போனாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பல வருஷம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து. இன்று வீடு அழுகிறது: பிள்ளை விசுவாசத்தை இழந்துவிட்டாள்.

அன்று அவள் ஒரு கத்தோலிக்கரைக் கொண்டுவந்தபோது உங்களுக்குக் கத்தோலிக்கம் போதவில்லை. இன்று எந்தக் கத்தோலிக்கத்துக்கு அவளைத் திரும்பக் கூப்பிடுகிறீர்கள்?

இது எங்கள் ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. அதே 2008 மார்ச் மாதம், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள் சாதியாகப் பிரிந்து மோதினார்கள். தலித் கத்தோலிக்கர்கள் கேட்டது சம உரிமை, அது கிடைக்காததால் தனிப் பங்கு. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி வாரியாகப் பிரிக்கச் சுவர் எழுப்பப்பட்டது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த சேதி. உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போகிற வழியிலும் காம்பவுண்டு. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே தலித் கிறித்தவர்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை எங்கள் கூடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மாவுக்குப் பிடித்த புனிதை மோனிக்கா. வழிதவறிய மகன் அகுஸ்தீனுக்காகப் பல வருஷம் அழுது மன்றாடிய தாய். கி.பி. 387-ல் மிலானில் மகன் ஞானஸ்நானம் பெற்றதைப் பார்த்துவிட்டு அதே வருஷம் இறந்துபோனார். தாய்மார் சங்கக் கூட்டங்களில் கதை இத்தோடு முடியும். அகுஸ்தீன் தன் கதையைத் தானே எழுதியிருக்கிறார், அதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், மோனிக்கா ஓர் ஆயரிடம் போய், என் மகனோடு வாதாடிப் புத்தி சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். ஆயர் மறுத்துவிடுகிறார். அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, நீ செபம் மட்டும் செய் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பிறகு, கார்த்தேஜில் அம்மாவின் பிடியிலிருந்து தப்பிக்க அகுஸ்தீன் பொய் சொல்லிவிட்டு இரவோடிரவாக ரோமுக்குக் கப்பல் ஏறுகிறார். விடாமல் பிடித்தால் பிள்ளை பொய் சொல்லும். நான்காம் நூற்றாண்டிலும் அப்படித்தான்.

மூன்றாவது விஷயத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அகுஸ்தீன் பல ஆண்டுகள் ஒரு பெண்ணோடு வாழ்ந்தார், ஒரு மகனும் பிறந்தான். அம்மா தகுதியான இடத்தில் பெண் பார்த்தார். அதற்கு இடைஞ்சலாக இருந்த அந்தப் பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். மகனை விட்டுவிட்டுப் போனாள். அது தன் இருதயத்தைக் கிழித்தது என்று அகுஸ்தீனே எழுதுகிறார், ஆனால் அவள் பெயரை எழுதவில்லை. அவருடைய மகன் பெயர் நமக்குத் தெரியும், அம்மா பெயர் தெரியும், நண்பர்கள் பெயர் தெரியும். அவள் பெயர் மட்டும் தெரியாது.

மோனிக்காவின் புனிதத்தை நான் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கண்ணீர் உண்மை. ஆனால் ஒருவரைத் திருப்பிக் கொண்டுவருகிற அவசரத்தில் இன்னொருவரைப் படகேற்றி அனுப்பிவிட முடியும் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன்: "உன் விண்ணப்பத்துல மச்சானுக்கு என்னம்மா இடம்?" அம்மா பேச்சை மாற்றினாள்.

அடுத்தது ஊதாரி மைந்தன். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் தொலைந்தவை பற்றி மூன்று உவமைகள் உண்டு: ஆடு, நாணயம், மகன். நமக்கு மூன்றாவது மட்டும்தான் பிடிக்கும். அதில் போனவன் கெட்டவன், இருந்தவர்கள் நல்லவர்கள் என்று வாசித்துக்கொள்ள வசதி. உண்மையில் அந்தக் கதையின் முடிவில் வீட்டுக்கு வெளியே நிற்பவன், வீட்டைவிட்டு ஒருநாளும் போகாத மூத்த மகன். அவன் உள்ளே வந்தானா என்று லூக்கா சொல்வதில்லை.

நடுவில் இருக்கிற நாணயத்தைப் பாருங்கள். ஆடு வழிதவறிப் போகும். மகன் பங்கைப் பிரித்துக்கொண்டு போவான். நாணயம் தானாகப் போகாது. கையில் வைத்திருந்தவர்தான் தொலைக்க வேண்டும். அதுவும் வீட்டுக்குள்ளேயே. அந்தப் பெண் என்ன செய்கிறாள்? நாணயத்தைத் திட்டவில்லை, நாணயத்துக்குப் புத்தி சொல்லவில்லை. விளக்கை ஏற்றி, வீட்டைக் கூட்டுகிறாள். அக்கா ஊதாரி மகள் இல்லை. நாங்கள் தொலைத்த காசு. கூட்ட வேண்டியது எங்கள் கூடத்தை.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர் சந்தோஷப்படுவார்கள். அப்படியென்றால் அவள் தப்பித்தாள் என்றுதானே சொல்ல வேண்டும், எதற்குத் திரும்ப வேண்டும் என்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அக்கா விட்டுவந்தது ஒரு கருத்தியலை மட்டும் இல்லை. பெரிய வெள்ளியின் மௌனம், கல்லறைத் திருநாளின் மெழுகு வாசனை, ஆகஸ்டு 5 பனிமய மாதா திருவிழாவின் கூட்டம், சின்ன வயதில் அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்த செபமாலை. அது அவளுடைய சொத்து. அதை அவள் வேண்டாமென்று வைத்தாளா, அல்லது நாங்கள் பிடுங்கிக்கொண்டோமா? அவளாக யோசித்து விட்டிருந்தால் அந்த முடிவுக்குத் தலைவணங்குகிறேன். துரத்தப்பட்டிருந்தால், அதை விடுதலை என்று கைதட்டுவது துரத்தியவர்களுக்குச் செய்கிற உபகாரம்.

ஆம், அவள் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. மறைக்கவில்லை. நான் நம்புகிறவன். ஆனால் ஆசைப்படுவது வேறு, ஆள் பிடிப்பது வேறு. விசுவாசத்தை யார் மீதும் திணிக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல், சமய சுதந்திரம் பற்றிய தன் அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. கோயிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் அந்த மரியாதை, சொந்தப் பிள்ளைக்குக் கிடையாது என்றால் என்ன நியாயம்?

சரி, ஒன்றுமே செய்யக்கூடாதா? செய்ய நிறைய இருக்கிறது, எல்லாம் நம் பக்கத்தில்.

ஒன்று, தெரிந்துகொள்வது. சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, கையேட்டைப் படிக்காமல் அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அக்கா கோயிலுக்குத் திரும்ப வேண்டுமென்றால் புருஷனை விட வேண்டும் அல்லது அவர் மதம் மாற வேண்டும் என்று எங்கள் வீட்டில் நம்புகிறார்கள். திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கிறித்தவர் அல்லாதவரை மணக்க விதிவிலக்கு உண்டு, அவர் மதம் மாற வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பற்றிய வாக்குறுதி கத்தோலிக்கத் தரப்பிடம்தான் கேட்கப்படுகிறது, மற்றவருக்கு அது தெரிந்திருந்தால் போதும். ஏற்கெனவே நடந்த பதிவுத் திருமணத்தை, மறுபடி சடங்கு நடத்தாமலே, வேரிலிருந்து செல்லுபடியாக்குகிற வழியும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. ஆயருக்கு அந்த அதிகாரம் உண்டு. இத்தனை வருஷத்தில் நவநாள் சொன்ன ஒருவர்கூட இதை விசாரிக்கவில்லை. இதையும் அவளிடம் எடுத்துப்போய் நீட்டக் கூடாது. அவள் கேட்டால் சொல்ல, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு, மன்னிப்பு. பாவசங்கீர்த்தனத் தொட்டி முன்னால் அக்காவைத் தள்ளத் துடிக்கிறோமே, அந்த வரிசையில் நமக்கு முன்னிடம் இருக்கிறது. "எங்க மேல தப்பு" என்ற மூன்று வார்த்தை. "அந்தக் காலம் அப்படி", "அப்பா மனசு தாங்கலை" என்று வால் சேர்க்காமல்.

மூன்று, சோறு. அவளும் மச்சானும் வந்தால் மீன்குழம்பு வையுங்கள். சாப்பிடும்போது பூசையைப் பற்றிப் பேசாதீர்கள். செபமா? செய்யுங்கள். அவள் காதுக்குக் கேட்காமல்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செத்துப்போன மனுசனைக் குத்தம் சொல்லுதியா" என்றாள். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பேசவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் அக்காவுக்கு போன் செய்தேன். பதினாறு வருஷம் தள்ளிப்போட்ட போன். உன் போனை எடுத்து அப்பாகிட்ட காட்டினது நான்தான், தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். அன்றைக்கே தெரியும் என்றாள். மன்னிப்புக் கேட்டேன்.

"ஏன்ல, இப்பம் எதுக்கு அதெல்லாம்" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது. "அம்மா சொல்லிக் கேக்கியா?"

"இல்ல. அம்மா எங்கூடப் பேசல."

சிரித்தாள். கோயிலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வைக்கிறதுக்கு முன்னால், நவம்பரில் ஊருக்குப் போனால் அப்பா கல்லறையில் தன் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். குடும்ப வாட்ஸப் குழுவில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு நவநாள் ஆரம்பித்துவிடுவார்கள்.