தண்ணீரைப் பிளக்கும் உலோகம் யார் கையில்?

தண்ணீரைப் பிளந்து எரிபொருள் எடுக்கப் போகிறோம் என்று அமைச்சர்கள் மேடைதோறும் முழங்குகின்றனர். கேட்போர் வியக்கின்றனர். வியக்க இதில் புதுமை என்ன இருக்கிறது? நிக்கல்சன், கார்லைல் என்னும் இரு ஆங்கிலேயர் 1800ஆம் ஆண்டிலேயே தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துக் காட்டினர். நம் நாட்டுக்கும் இது பழைய செய்திதான். 1960களின் தொடக்கத்தில், பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கலில் தண்ணீரைப் பிளந்தோம். பிரிந்த ஹைட்ரஜனை உரமாக்கினோம். பின்னாளில் அந்த ஆலை எண்ணெய்க்கு மாறிற்று. அதன்பின் எரிவாயுவுக்கு மாறிற்று. கற்ற கலையைக் கைநழுவ விட்டுவிட்டு, இன்று அதையே புதுமை என்று கொண்டாடுகிறோம்!

கொண்டாட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பார்ப்போம், தோழர்களே.

ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற ஒன்பது கிலோ தண்ணீர் பிளவுபட வேண்டும். அதற்கு நடைமுறையில் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகிறது. தண்ணீரைப் பிரிக்க இயற்கை கேட்கும் குறைந்த அளவு 1.23 வோல்ட், ஆலைகள் கொடுக்க நேர்வதோ 1.8 வோல்ட், 2 வோல்ட். இந்த மிகைச் செலவைக் குறைப்பதே வினையூக்கியின் தொண்டு. மின்முனையின் மேல் பூசப்படும் அந்த மெல்லிய உலோகப் படலம் சிறந்ததாயின் ஹைட்ரஜன் மலிவாகும். மோசமானதாயின் மின்சாரம் பாழாகும்.

எந்த உலோகம்? இங்கேதான் அறிவியல் முடிந்து அரசியல் தொடங்குகிறது.

இன்று பரவிவரும் சவ்வுக் கலங்களில் ஹைட்ரஜன் பக்கம் பிளாட்டினமும், ஆக்சிஜன் பக்கம் இரிடியமும் வேண்டும். அங்குள்ள அமிலச் சூழலை மலிவான உலோகங்கள் தாங்குவதில்லை. இரிடியமோ உலகமெங்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களில் துணைப்பொருளாக வருவது. அந்தப் பிளாட்டின மண்ணில், மாரிக்கானாவில், 2012 ஆகஸ்டு 16ஆம் நாள் கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர் 34 பேர் காவல்துறையின் குண்டுக்குப் பலியாயினர். பசுமை என்று பெயர் சூட்டிவிட்டால் அந்தச் சிவப்பு மறைந்துவிடுமா?

வேறு வழி இல்லையா? உண்டு. காரக் கரைசலில் இயங்கும் கலங்களுக்கு நிக்கலும் இரும்பும் போதும். கட்டியாகக் கிடக்கும் நிக்கலின் உட்புறம் வேலை செய்வதில்லை. மேற்பரப்பே வேலை செய்கிறது. ஒரு சென்டிமீட்டர் கனச்சதுரத்துக்கு ஆறு சதுர சென்டிமீட்டர் மேற்பரப்புதான். அதையே பத்து நானோமீட்டர் துணுக்குகளாக்கினால் அது 600 சதுர மீட்டராகும். கட்டைவிரல் நகமளவு உலோகம் ஏறக்குறைய 15 சென்ட் நிலமாக விரிகிறது! மாலிப்டினம் சல்பைடின் விளிம்புகளே வினைபுரியும் இடங்கள் என்பது 2007இல் ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது. அரிய உலோகத்தின் இடத்தை நுண்ணிய அமைப்பால் ஓரளவு ஈடுசெய்யலாம் என்பதற்கு அதுவே சான்று.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. காரக் கலங்கள், ஏறி இறங்கும் சூரிய மின்சாரத்துக்கு விரைந்து ஈடுகொடுப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் சில நூறு மணி நேரம் உழைத்த படலம், ஆலையில் பல்லாயிரம் மணி நேரம் உழைத்தாக வேண்டும். உதிரக்கூடும், உருமாறக்கூடும். ஆகவேதான் ஆராய்ச்சி வேண்டும் என்கிறோம். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்கிறோம்.

பணம் எங்கே போயிற்று? 2023 சனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 17,490 கோடி, கலம் செய்வோருக்கும் ஹைட்ரஜன் உற்பத்தி செய்வோருக்கும் ஊக்கத்தொகை. ஆராய்ச்சிக்கு 400 கோடி! நூற்றுக்கு இரண்டு! விளைச்சலுக்குப் பரிசு அறிவித்துவிட்டு விதைநெல்லை மறந்த கதை இது.

முதலாளிக்கு ஊக்கம் தந்தால் அவரே ஆய்வும் செய்வார் என்பர் சிலர். செய்யலாம். ஆனால், விலைக்குக் கிடைக்கும் அயல்நாட்டுக் கலத்தை வாங்கிப் பூட்டி ஊக்கத்தொகை பெற முடியும்போது, பத்தாண்டு உழைத்து ஒரு படலத்தைக் காண எவர் பொறுமை கொள்வார்? அந்தப் பொறுமை பொதுப்பணத்துக்கே உரியது. பொதுப்பணத்தில் கண்ட உண்மை பொதுவுடைமையாகவும் இருத்தல் வேண்டும்.

இன்னொன்று. நிலக்கரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்தால், எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதைவிடக் கரிவாயு மிகுதியாகும். காற்றும் கதிரவனும் தரும் மின்சாரம் முதலில் வேண்டும். பிரியும் ஹைட்ரஜனும், கப்பலேறுமுன் நம் உழவர்க்கு உரமாக வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக ஒன்றிய அரசு குறித்துள்ளது. 1906இல் அன்னியர் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட வ.உ.சி.யின் பெயர் தாங்கிய துறைமுகம் அது. அங்கே அயலார் கலமும், அயலார் உலோகமும், நம்முடைய தண்ணீரும் மட்டுமே இருக்குமானால், அதற்குப் பெயர் வளர்ச்சி அன்று; வாடகை!

400 கோடியை உயர்த்துக! நிக்கலையும் இரும்பையும் நம்பி ஆய்வுக்கூடங்களைத் திறந்திடுக! நங்கலில் நழுவவிட்டதைத் தூத்துக்குடியிலும் நழுவவிடலாகாது.