பேர் நிக்க வேணுமெண்டால்…

"செத்தாலும் எங்கட பேர் நிக்க வேணும்" எண்டு திருகோணமலைத் துறைமுகப் பக்கம் கூட்டாளிமார் கதைக்கேக்க, எனக்கு ஞாபகம் வாறவர் யூஜின் ஹெபர்ட் அடிகளார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசு சபைக் குரு. மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார்.

யுத்தம் வந்தபோது ஊருக்குத் திரும்பியிருக்கலாம், போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞனோடு காணாமல் போனார். அவருக்குக் கல்லறைகூட இல்லை.

நாங்களோ கல்வெட்டில் பேர் தேடுறம். கிறிஸ்தவ சாட்சி எண்டு நான் விளங்கிக்கொண்டது வேற: பின்னேரத்தில ஒரு பிள்ளைக்கு நேரம் குடுக்கிறது, கஷ்டம் வந்தாலும் அந்தப் பிள்ளையை விட்டுட்டு ஓடாதது. இண்டைக்கு நீங்கள் ஆருக்கு நேரம் குடுத்தனீங்கள்?