பழுதான வட்டை யாரிடம் ஒப்படைப்பது?

2003 பிப்ரவரி 1ஆம் தேதி விண்ணில் சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் இடிபாடுகளிடையே, சுமார் ஆறு மாதங்களுக்குப் பின் வறண்ட ஏரிப்படுகையில் கருகிக் கிடந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றிலிருந்து, செனான் வாயுப் பரிசோதனையின் பதிவுகளில் ஏறக்குறைய 99 சதவிகிதத்தை நிபுணர்கள் மீட்டெடுத்தார்கள் என்பதைக் கேட்கும்போது, நம் வீட்டுப் புகைப்படங்களும் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை எழுவது சகஜமே. ஆனால் அந்தச் சாதனை, வட்டினுள் தகவலைத் தாங்கும் தகடுகளைப் பொறுமையாகச் சுத்தம் செய்து, வேறோர் உறையில் பொருத்திய பிறகே சாத்தியமாயிற்று. சுழலும் தகட்டிற்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்களே ஆகையால், ஒரு தூசும் அங்கே சர்வநாசம் விளைவிக்கக்கூடும்; தூசு நீக்கிய அறையின்றி, கடை மேஜையிலேயே வட்டைத் திறக்க முற்படுகிறவரிடமிருந்து அதை உடனே திரும்ப வாங்கிவிடுங்கள். முதல் பிரயத்தனமே பெரும்பாலும் சிறந்த சந்தர்ப்பம். மூலத்தைத் தொடாமல் முழுப் பிரதி எடுத்து, அப்பிரதியின்மீதே வேலை செய்கிறவர் யோக்கியர். எல்லாவற்றையும் மீட்பேன் என்று பரிசோதிக்கும் முன்பே வாக்களிப்பவரைக் காட்டிலும், சுழலும் தகடில்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் அழித்த கோப்புகள், அழித்த இடத்தைத் துடைக்க வழிவிடும் ட்ரிம் கட்டளையால் பெரும்பாலும் மீளாமற் போய்விட்டன என்று கூசாமல் சொல்லுகிறவரையே நான் நம்புவேன். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள்; பணம் கொடுக்குமுன், மீண்ட கோப்புகளின் பட்டியலைக் கேட்டு, சிலவற்றைத் திறந்தும் பாருங்கள்.