ஒரே பெயர், மூன்று பேரேடுகள்

நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட அண்மையில் சென்றிருந்தோம். காலமான அங்கத்தினர் ஒருவரின் மனைவி, பங்குத் தொகையும் சிக்கனச் சேமிப்பும் கேட்டு நான்கு மாதங்களாக அங்கே வந்துபோய்க் கொண்டிருந்தார். பங்குப் பேரேட்டில் அவர் கணவரின் பெயர் ஒருவிதமாக இருந்தது. சேமிப்புப் பேரேட்டில் முதலெழுத்து வேறு. கூலிப் பட்டுவாடாப் பதிவிலோ பழைய விலாசம். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பாரம் அந்த அம்மையார் தலையில் விழுந்தது. எழுத்தரைக் குறை கூறோம். ஒரே செய்தியை மூன்று இடங்களில் எழுதச் சொல்லும் முறையே குறையுடையது.

இக்குறையின் வேரைக் கண்டவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். அமெரிக்காவில் சான் ஹோசே நகரத்து ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய அவர், 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை கணினியில் செய்திகளைக் கிளைகளாகவும் சங்கிலிகளாகவும் கோத்து வைத்திருந்தனர். எந்தக் கிளை வழியே செல்வது என்று அறிந்தவருக்கே விடை கிடைக்கும். காட் யாவற்றையும் எளிய அட்டவணைகளாக்கினார். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும், ஏனைய அட்டவணைகள் எண்ணைக் கொண்டு அதனைச் சுட்டினால் போதும் என்ற கருத்தில் விதிகளும் வகுத்தார்.

கிளை முறையிலான சாதனத்தை விற்றுக்கொண்டிருந்த அவருடைய கம்பெனி தயங்கியது. வியாபாரிக்குத் தயக்கம் இயல்புதானே! பர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1973-இல் மாணவர்களைக் கொண்டே அம்முறையைச் செய்து பார்க்க முனைந்தனர். ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சியின் வாரிசை இன்று எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். ஜிம் கிரே என்பாரோ, ஒரு பரிமாற்றம் முழுமையாக நடைபெற வேண்டும், அன்றேல் நடைபெறாததாகவே ஆகவேண்டும் என்பதைக் கணினியில் உறுதிப்படுத்தும் வழிகளை ஆராய்ந்து 1998-இல் டூரிங் விருது பெற்றார். சிட்டாவில் ஏறிப் பேரேட்டில் ஏறாது நின்ற தொகையைத் தேடி இரவெல்லாம் விழித்தவர்கள் இதன் அருமையை அறிவர்.

இந்திய அரசு 2022-இல் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. விவசாயிகள் சங்கமாயினும் நெசவாளர் சங்கமாயினும், பழைய ஏடுகளை அப்படியே தட்டச்சு செய்துவிட்டு வேலை முடிந்ததென்று கையொப்பமிடுவதை நாம் ஏற்பதற்கில்லை. மூன்று விதமாக எழுதப்பட்ட பெயரைக் கணினி மூன்று ஆட்களாகவே கொள்ளும்; முன்பேனும் எழுத்தருக்கு ஆளைத் தெரியும். ஏற்றுமுன் அங்கத்தினரை நேரில் அழைத்து, பெயரையும் வாரிசையும் படித்துக் காட்டி, ஒரே எண்ணின்கீழ் கொணர்தல் வேண்டும். இதற்கு இரண்டு மாதம் கூடுதலாகப் பிடிக்குமெனில் பிடிக்கட்டும். நிரல் வாங்கும்போது, நம் கணக்குகளை வேறொரு நிரலுக்கு முழுமையாக எடுத்துச் செல்ல இயலுமா என்றும் நிர்வாகக் குழுவினர் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

அந்த அம்மையாருக்குப் பணம் ஐந்தாம் மாதத்தில் கிடைத்தது. அதற்குள் தறியை விற்றிருந்தார்.