வாட்ச்மேனை "நீ"ன்னு கூப்பிட யார் கத்துக் கொடுத்தது?

நவரை நாத்து விடுறது பத்தி இந்த வாரம் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகட்டும். மனசுல வேற ஒண்ணு கிடந்து உறுத்துது. அதைக் கொட்டிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

என் மகள் பெருங்களத்தூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல இருக்கா. போன ஞாயித்துக்கிழமை ஒரு சிப்பம் அரிசியும் நாலு கட்டு முருங்கைக்கீரையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போனேன். கேட்டுல நோட்டு நீட்டினாங்க. பேரு, போன் நம்பர், யார் வீட்டுக்கு, என்ன வேலையா. எழுதினேன். வாட்ச்மேனுக்கு என் வயசு இருக்கும், செய்யூர் பக்கத்துக்காரர். ரெண்டு ஏக்கர் கழனிய வித்துட்டு வந்தவர். மழையப் பத்திப் பேசிக்கிட்டு நின்னோம்.

அப்ப என் பேத்தி ஓடி வந்தா. ஆறு வயசு. "வாட்ச்மேன், என் பந்து கீழ போயிடுச்சு. நீ போய் எடுத்துட்டு வா" அப்படின்னா. அந்த மனுஷன் ஒண்ணும் சொல்லல, முட்டியப் புடிச்சுக்கிட்டு எழுந்து போனார்.

சிப்பத்தோட லிஃப்ட்ல ஏறப் போனேன். "தாத்தா, இதுல வரக்கூடாது. மூட்டை, வேலைக்காரங்க எல்லாம் அந்த லிஃப்ட்டு" அப்படின்னா குழந்தை.

மகள்கிட்ட சொன்னேன். "ஏம்பா, நாங்க யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கலப்பா. அவளே கத்துக்கிட்டா"ன்னா.

அதுதாம்மா எனக்கு பயமா இருக்குதுன்னேன்.

ஏன்னா எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கல. எங்க ஊர் ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். மதகு திறக்கறது, எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் தண்ணின்னு முறை வைக்கறது எல்லாம் அவர்தான். காலனிக்காரர். நான் பத்து வயசுப் பையன், அவருக்கு அம்பதுக்கு மேல. நான் அவரைப் பேர் சொல்லி "வாடா, போடா"ன்னுதான் கூப்பிட்டேன். அவர் என்னை "சின்னய்யா"ன்னார். கரையில எறும்பு வளை எங்க இருக்குதோ அங்கதான் நாளைக்கு கசிவு வரும், கலங்கல் பக்கம் தண்ணி நிறம் மாறினா மேல எங்கயோ வரத்துக் கால்வாய் ஒடைஞ்சிருக்குன்னு எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர். எனக்கு அவர் வாத்தியார். வாத்தியார வாடான்னு கூப்பிட்டேன். எங்க அப்பா கூப்பிட்டார், சித்தப்பா கூப்பிட்டார், நானும் கூப்பிட்டேன். அவ்வளவுதான் பாடம்.

சனிக்கிழமை கீரை வாங்க வர்ற உங்கள மாதிரி படிச்சவங்க, வரப்புல நின்னுக்கிட்டு என்கிட்ட ஒரு கேள்வி கேக்கறீங்க. "ஏன்ணே, உங்க ஊர்ல இன்னும் சாதி கட்டுப்பாடெல்லாம் இருக்கா?" கேக்கும்போதே உங்க முகத்துல ஒரு நிம்மதி தெரியும். நம்ம அதைத் தாண்டி வந்துட்டோம்னு. இன்னைக்கு நான் உங்களக் கேக்கறேன். எங்க தாண்டினீங்க?

எங்க ஊர்க் கணக்க முதல்ல சொல்லிடறேன், மறைக்கல. காது குத்தும்போது தாய்மாமன் மடியில உக்கார வச்சு, நீ இந்தக் கூட்டம்னு காட்டினாங்க. மீசை முளைச்சதும் ஆடி மாசம் கூழ் ஊத்தற திருவிழாவுக்கு சாமி தூக்க விட்டாங்க. கல்யாணம் ஆன மறு வருஷம் என் பேரு தலைக்கட்டு நோட்டுல ஏறிச்சு. வரி குடுத்தேன், அன்னையிலிருந்து ஊர்க் கூட்டத்துல பேச வாய் வந்துச்சு. அந்த நோட்டுல எந்தப் பொம்பள பேரும் கிடையாது. புருஷன் செத்த அன்னைக்கு அந்த வீடே நோட்டுல இருந்து போயிடும், மகன் தலையெடுக்கிற வரைக்கும். காலனிக்கு வேற அம்மன், வேற நோட்டு. ஏரி மதகோட சாவி யார் கையில இருந்துச்சோ அந்த மனுஷன் பேரு, ஏரி பத்திப் பேசற நோட்டுல கடைசி வரைக்கும் இல்ல.

இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. இங்கேருந்து தெற்கே உத்திரமேரூர் போனா, பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்குது. கி.பி. 919, 921. குடவோலை முறைன்னு எல்லாரும் பெருமையாப் பேசுவோம். பெருமைதான். ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு பிரிச்சு, பானையில ஓலை போட்டு, ஒண்ணும் அறியாத சின்னப் பையன விட்டு எடுக்கச் சொன்னாங்க. கணக்குக் காட்டாம போனவனுக்கும், அவன் சொந்தக்காரனுக்கும் கூட இடமில்லைன்னு எழுதி வச்சாங்க. இன்னைக்கு எந்த ஊர்ல இருக்குது இந்தச் சட்டம்? ஆனா ஓலையில பேர் எழுதறதுக்குத் தகுதி என்ன தெரியுமா? வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். சொந்த மனையில வீடு இருக்கணும். வயசு 35லிருந்து 70க்குள்ள. வேதம் படிச்சிருக்கணும். அது பிராமணர் சபை. ஏரியில மண் வெட்டினவன் பேரு எந்த ஓலையிலயும் ஏறியிருக்காது.

இப்ப உங்க குடியிருப்போர் சங்கத்த எடுத்துக்கங்க. ஓட்டு யாருக்கு? வீடு வாங்கினவங்களுக்கு. பத்து வருஷமா வாடகைக்கு இருக்கறவர் கூட்டத்துல உக்காரலாம், கை தூக்க முடியாது. தினமும் காலையில வந்து குப்பை எடுக்கற அம்மாவுக்கு நாற்காலி கூடக் கிடையாது. சொந்த மனை, சொந்த வீடு. ஆயிரத்து நூறு வருஷத்துல அந்தக் கல்வெட்டுல இருந்து நீங்க எடுத்துட்டது ஒரு வேதப் படிப்ப மட்டும்தான்.

நகரம் ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல மாட்டேன். 1931ல பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டாங்க. அந்தப் பெட்டியில பக்கத்துல உக்காந்தவன் யாருன்னு கேட்டுட்டு உக்கார முடியாது. ஓட்டல்ல டம்ளர் யார் குடிச்சதுன்னு தெரியாது. எங்க காலனிப் பசங்க அந்த ரயில்ல ஏறித்தான் படிச்சாங்க, வேலைக்குப் போனாங்க, ஊருக்குத் திரும்பி வரும்போது நிமிர்ந்து நடந்தாங்க. அந்த நன்றி எனக்கு இருக்குது.

ஆனா ரயில்ல இருந்து இறங்கினதும் நீங்க எங்க போறீங்க? மூணு வயசுல ஒரே ஃபீஸ் கட்டறவங்க பிள்ளைங்களா பாத்து ஒரு வேன்ல ஏத்தறீங்க. பதினஞ்சு வயசுல கோச்சிங் சென்டர், அங்கயும் மார்க்குக்கு ஒரு பேட்ச். அப்புறம் காலேஜ் செட்டு, ஆபீஸ் டீம், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். அறுபது வயசுல காலை நடைக்கு ஒரு சங்கம். பிறந்ததுல இருந்து சாகற வரைக்கும் உங்கள மாதிரியே இருக்கறவங்களோட மட்டும் இருக்கறதுக்குக் காசு குடுக்கறீங்க. எங்க ஊர்ல பிறப்பு போட்ட வேலிய நீங்க இ.எம்.ஐ. போட்டு வாங்கறீங்க. பொண்ணு பாக்கும்போது மட்டும் பழைய வேலிக்கே திரும்பிடறீங்க. 2011-12ல இந்தியா முழுக்க எடுத்த ஒரு பெரிய குடும்பக் கணக்கெடுப்புல, சாதி விட்டு சாதி கல்யாணம் நூத்துக்கு சுமார் 5 தான். அந்த மீதி 95ல உங்க தெருவும் இருக்குது.

பிள்ளைங்க எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்குது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவன வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தார். கையில கலர் கயிறு கட்டக்கூடாது, பள்ளிக்கூடப் பேர்ல சாதி இருக்கக்கூடாதுன்னு. நல்ல அறிக்கை. ஆனா கயிறு கட்டாமயே என் பேத்தி கத்துக்கிட்டாளே, அதுக்கு எந்தக் குழு போடறது?

அப்ப கூட்டமே வேணாமான்னு கேப்பீங்க. வேணும். கூட்டம் இல்லாம மனுஷன் வளர முடியாது. எந்த வேலைய வச்சு கூட்டம் சேருதுங்கறதுதான் கேள்வி.

2015 டிசம்பர ஞாபகம் வச்சிருக்கீங்களா? ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிங்க வழிஞ்சு, அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் முழுங்கிச்சே. அப்ப மீனவர்கள் கடல்ல இருந்து படகு கொண்டு வந்து ஜனங்கள இறக்கினாங்க. மொட்டை மாடியில நின்ன எவரும் அந்தக் கை யாரோடதுன்னு கேட்டுட்டுப் புடிக்கல. ஒரே பாத்திரத்துல சாப்பிட்டாங்க. நானும் எங்க ஊர்ப் பசங்களும் டிராக்டர்ல சோத்துப் பொட்டலம் கொண்டு போனோம், அதுல காலனிப் பசங்களும் இருந்தாங்க. தண்ணி வடிஞ்சது. ஒரு மாசத்துல கேட்டு மறுபடியும் மூடிக்கிச்சு. எங்க ஊர்லயும்தான், பொய் சொல்லல, டிராக்டர்ல ஒண்ணா வந்தவங்க தனித்தனி டீக்கடைக்குப் போயிட்டாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அதே இடத்துல அதே தண்ணி.

ஆபத்து வந்தாத்தான் கூட்டமா? ஏரி வருஷா வருஷம் கூப்பிடுது. குடிமராமத்துன்னு ஒண்ணு இருந்துச்சு. ஆயக்கட்டுக்காரங்க சேர்ந்து கால்வாய் தூர் வாரணும், கரை போடணும். 1858ல வெள்ளைக்காரன் அதுக்குச் சட்டமே போட்டான். 2017ல அரசாங்கம் அதே பேர்ல மறுபடியும் திட்டம் கொண்டு வந்துச்சு. ஆனா வேலைய மிஷின் செஞ்சிட்டுப் போச்சு, ஜனங்க கரையில நின்னு வேடிக்கை பாத்தோம். ஏரி ஆழமாச்சு, கூட்டம் சேரல. 2019 கோடையில சிட்லபாக்கத்துக்காரங்க தங்க ஏரியில தாங்களே இறங்கி சுத்தம் பண்ணாங்க பாருங்க, அது குடிமராமத்து. உங்களால முடியும்னு நீங்களே காட்டிட்டீங்க. 2021ல 5 நகராட்சி, 5 பேரூராட்சி சேர்த்து தாம்பரம் மாநகராட்சி ஆக்கினாங்க. காகிதத்துல சேர்ந்த ஊர், கரையிலயும் சேரணும்.

உங்ககிட்ட நான் கேக்கறது மூணுதான். சங்கக் கூட்டத்துல வாடகைக்காரருக்கும், வேலை செய்யறவங்களுக்கும் பேச இடம் குடுங்க. லிஃப்ட்டுல ஒட்டியிருக்கற அந்த போர்ட எடுங்க. புரட்டாசியில மழைக்கு முன்னாடி ஒரு நாள், பிள்ளைங்கள பக்கத்து ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க, வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து. செய்யூர்க்காரர் கையில மண்வெட்டியக் குடுத்துட்டு, இவர்தான் இன்னைக்கு வாத்தியார்னு சொல்லுங்க. மிச்சத்த பிள்ளைங்க தானா கத்துக்கும், கெட்டதக் கத்துக்கிட்ட மாதிரியே.

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நான் சும்மா இல்ல. போன ஆடியில கூட்டத்துல எழுந்து, தலைக்கட்டு நோட்டுல பொம்பளைங்க பேரையும் காலனி வீடுங்களையும் ஏத்தணும்னேன். கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசல. அப்புறம் என் பங்காளி ஒருத்தர், "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா"ன்னார். அடுத்த வருஷம் பாக்கலாம்னு தள்ளி வச்சுட்டாங்க. பங்காளி ரெண்டு பேர் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பேசறது இல்ல. காலனியில ஒரு பெரியவர் சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "நாங்க உங்க நோட்டுல ஏறணுமா, நீங்க எங்க நோட்டுல ஏறுவீங்களா?" பதில் சொல்லத் தெரியல. இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.

அன்னைக்கு சிப்பத்தத் தோள்ல வச்சுக்கிட்டு நாலு மாடியும் படியேறினேன். பேத்தியும் கூடவே ஏறி வந்தா. திரும்பி வரும்போது கேட்டுல அவகிட்ட, "தாத்தாவுக்கு டாட்டா சொல்றேல்ல, அந்தத் தாத்தாவுக்கும் சொல்லு"ன்னேன். அவரப் பாத்தா, என்னைப் பாத்தா. அப்புறம் சொன்னா.

மணி ஒம்பதாகப் போகுது. கரன்ட் வந்திருக்கும், மோட்டார் போடணும். வரேன்.