சின்னப் படகுக்கு உள்ள சட்டம் பெரிய படகுக்கு இல்லையா?

கப்பலில் உல்லாசப் பயணம் என்றால் அது பணக்காரர் சமாசாரம் என்று ஒதுங்கியிருந்த காலம் மாறி வருகிறது. மும்பையிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் குடும்பத்தோடு கப்பலில் போய் வந்தவர்கள் இன்று நம் மக்களிடையேயும் இருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, சொந்த ஊருக்குப் பதிலாக இந்தியாவில் வேறு எங்காவது போய் வரலாம். மற்றவர்கள் போனசையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து வைத்துப் போகிறார்கள். இது வரவேற்க வேண்டிய மாற்றம்.

லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் பத்துதான். நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள காயலின் பரப்போ சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். பவளப் பாறைகள் அணை போலச் சுற்றி நிற்க, உள்ளே குளம் போல அமைதியாகக் கிடக்கும் கடல் அது. தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு நடத்தி வந்த 'சமுத்திரம்' திட்டத்தில் பயணிகள் இரவில் கப்பலில் தங்குவார்கள். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்குவார்கள். அங்கே அவர்களுக்குக் காத்திருக்கும் பொழுதுபோக்குகளில் ஒன்று, கயாக் என்னும் சிறு படகில் ஏறித் தாங்களே துடுப்பு போடுவது.

கரையில் நிற்கும் தாய்மார்கள்

இங்கேதான் நம் குடும்பங்களின் தயக்கம் தொடங்குகிறது. தந்தையும் மூத்த பையனும் கயாக்கில் ஏறுகிறார்கள். தாயும் பெண் குழந்தையும் கரையில் நின்று செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்கிறார்கள். கேட்டால், "இத்தனை சின்னப் படகா? கவிழ்ந்துவிட்டால்?" என்கிறார்கள்.

பயம் நியாயமானதுதான். ஆனால் அது பாய வேண்டிய இடம் வேறு.

சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரும்பாலும் தருகிற கயாக், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. உள்ளே காற்று அடைபட்ட பிளாஸ்டிக் கூடு அது. அலைநீர் மேலே ஏறினாலும், அதில் உள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. புரட்டிப் போட்டு, நடுப்பகுதியில் வயிற்றை அழுத்திப் படுத்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். நம் மீனவர்களின் கட்டுமரமும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். மரங்களைச் சேர்த்துக் கட்டியது, தண்ணீர் மேலே வந்தாலும் தேங்காது, தலைகீழானாலும் மிதக்கும். உலக மொழிகளுக்கே அந்தப் பெயரைக் கொடுத்த இனம், அதன் பங்காளியைக் கண்டு பயப்படுவானேன்?

படகின் அமைப்பைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒழுங்காக நடத்தும் இடத்தில், லைப் ஜாக்கெட் அணியாத எவரையும் கயாக்கில் ஏற்றமாட்டார்கள். வாரை இழுத்துக் கட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது என்று பொருள்; வேறு கொடுப்பார்கள். எதுவரை போகலாம், எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள்.

பெரிய படகில் நடப்பது என்ன?

அதே குடும்பம் ஊர் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்வே ஆப் இந்தியாவில் எலிபெண்டா படகில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். படகு பெரியது, மேல்தளம் இருக்கிறது, நூறு பேர் இருக்கிறார்கள். அதனால் பயம் இல்லை. கயாக்கில் ஏற மறுத்த தாய், இதில் கைக்குழந்தையோடு ஓரத்து இருக்கையில் உட்காருகிறார்.

2024 டிசம்பர் 18-ந் தேதி அந்த வழித்தடத்தில் போன 'நீல்கமல்' படகின் மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை விசைப்படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். புறப்படும்போது லைப் ஜாக்கெட் தரப்படவில்லை என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் கேட்வேயில் எல்லாரும் அதை அணிந்தே தீர வேண்டும் என்ற கண்டிப்பு வந்தது.

இது ஒன்றுதானா? 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். 2023 மே 7-ல் கேரளத்தின் தானூரில் 22 பேர். அவர்களில் பலர் குழந்தைகள். 2024 ஜனவரி 18-ல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிக் குழந்தைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். இவை எல்லாம் பலர் சேர்ந்து உல்லாசமாகப் போன படகுகள். சின்னப் படகு என்று எவரும் பயந்து ஒதுங்கியவை அல்ல.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-லேயே படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. எழுத்தில் குறை இல்லை. விபத்து நடந்த வாரத்தில் கண்டிப்பு. மழைக்காலம் முடிந்து கூட்டம் சேர்ந்ததும் தளர்வு. இந்த வழக்கம்தான் உயிரைக் குடிக்கிறது.

நமக்கு ஏன் வம்பு?

இதில் நம் பங்கும் உண்டு. பிழைக்க வந்த ஊர், அவர்கள் பாஷையில் வாதாடத் தெரியாது, நமக்கு ஏன் வம்பு என்று வாய்மூடி இருப்பது நம்மில் பலருக்குப் பழகிவிட்டது. ரேஷன் கடையிலும் ரயில் பெட்டியிலும் அப்படி இருந்தால் பணமோ இடமோ போகும். படகுத்துறையில் அப்படி இருந்தால் பிள்ளை போகும்.

கேட்பதற்குப் பெரிய மொழிப் புலமை தேவையில்லை. இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் அதற்குப் பெயர் லைப் ஜாக்கெட்தான். பிள்ளைக்கு ஒன்று என்று விரலைக் காட்டினால் போதும். இல்லை என்றால் ஏறாதீர்கள். டிக்கெட் பணம் போனாலும் போகட்டும். பெரியவர்கள் அளவில் உள்ளதைக் குழந்தைக்கு மாட்டுவதும் பயனற்றது. தண்ணீரில் விழுந்ததும் சட்டை மேலே போகும், குழந்தை கீழே போகும். குழந்தை அளவு இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கயாக்கில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. கடல் எப்போதும் கடல்தான். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் உள்ளே போவது சுலபம், திரும்புவது கஷ்டம். ஆகவே போகும்போது எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வர வேண்டும். வற்றம் இறங்கும் நேரத்தில், பவளப் பாறையில் உள்ள வாய்க்கால் பக்கம் நெருங்கக் கூடாது; நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுத்துவிடும். இருவர் படகில் பலசாலி பின்னால் உட்கார வேண்டும். சேலை காலைச் சுற்றிக்கொள்ளும். சல்வாரோ பைஜாமாவோ அணிவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கப்பல் புறப்படும் நேரம் நெருங்குகிறது என்று அவசரப்பட்டு எந்த விதியையும் விட்டுவிடக் கூடாது.

ஒரே சட்டம் வேண்டும்

ஆகவே நாம் அதிகாரிகளிடம் கேட்பது அதிகம் அல்ல. இரண்டு பேர் போகும் கயாக்குக்கு உள்ள சட்டம், நூறு பேர் போகும் படகுக்கும் வேண்டும். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆளையும் ஏற்றக் கூடாது. அந்த எண்ணிக்கையைப் படகின் மீது, எல்லாரும் படிக்கும்படி, பல மொழிகளில் எழுதி வைக்க வேண்டும். குழந்தை அளவில் லைப் ஜாக்கெட் இல்லாத படகுக்கு அன்றைக்கு அனுமதி இல்லை என்று ஆக்க வேண்டும். விபத்து நடந்த மாதத்தில் மட்டும் அல்ல, ஆண்டு முழுவதும் பரிசோதனை நடக்க வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்பு மன்றங்களும் ஆண்டுதோறும் சுற்றுலா அழைத்துப் போகின்றன. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைப் படகுத்துறையில் காட்டினால் போதும். புறப்படும் முன் தலைகளை எண்ணுகிறோம் அல்லவா? லைப் ஜாக்கெட்டையும் எண்ண வேண்டும்.

கடலுக்குப் போங்கள். தாய்மாரும் பெண் பிள்ளைகளும் கரையில் பைக்குக் காவல் இருக்க வேண்டியதில்லை. அவர்களும் துடுப்பைப் பிடிக்கட்டும். படகு சின்னதா, பெரியதா என்று பார்க்காதீர்கள். ஏறுவதற்கு முன் நம் மார்பில் வாரைக் கட்டுகிறார்களா என்று பாருங்கள்.