"பிடிக்கும்" என்று சொல்லத் தெரியுமா?

முதுகு வலிக்கும்போது, "நான் முதுகை வலிக்கிறேன்" என்று நம்மில் யாராவது சொல்வோமா? "எனக்கு முதுகு வலிக்கிறது" என்கிறோம். நாள் முழுதும் அடுப்படியில் நின்றுவிட்டால், "எனக்குக் கால்கள் வலிக்கின்றன" என்கிறோம். இந்த வலியைச் சற்று ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், வாசகிகளே. நாம் இன்று போகப் போகிற ஊர் மாட்ரிட். அங்கே அது உதவும்.

என் கல்லூரிச் சிநேகிதியின் தம்பிக்கு மாட்ரிட்டில் உத்தியோகம். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணமும் செய்து கொண்டான். சம்பந்தி வீட்டாருக்கு இங்கிலீஷ் வராது. ஆகவே அவனுடைய தாயார், ஸ்பானிஷ் மொழியை இங்கிலீஷ் வழியாகக் கற்பிக்கும் புத்தகம் ஒன்றை வாங்கி, ஆறு மாதம் உருப்போட்டுவிட்டு விமானம் ஏறினார்.

போன மறுநாள் காலை, சம்பந்தியம்மாள் சுர்ரோஸ் செய்து வைத்தார். மைதா மாவை நட்சத்திர அச்சில் பிழிந்து எண்ணெயில் பொரித்து, கெட்டியான சாக்லேட் பானத்தில் தோய்த்துத் தின்னும் பலகாரம் அது. "லே குஸ்தா?" என்று கேட்டார். "உங்களுக்குப் பிடிக்கிறதா?" என்று பொருள். 'லே' என்பது மரியாதைச் சொல். நெருங்கியவர்களிடம் 'தே' என்பார்கள்.

நம் அம்மாள் கம்பீரமாக, "யோ குஸ்தோ சுர்ரோஸ்" என்றார். 'யோ' என்றால் 'நான்'. இங்கிலீஷில் அப்படித்தானே வாக்கியம் ஆரம்பிக்கிறது! சம்பந்தியம்மாள் புன்னகை செய்தார். புரிந்த புன்னகையாக அது இல்லை.

எங்கே பிசகு? ஸ்பானிஷில் பிடிப்பது நாம் செய்யும் காரியமல்ல, நமக்கு நேர்வது. நம் முதுகுவலியைப் போலவேதான்! 'மே' என்றால் 'எனக்கு'. முதுகு வலித்தால் "மே துவேலே லா எஸ்பால்தா"; கால்கள் வலித்தால் "மே துவேலென் லோஸ் பியேஸ்". ஒன்றானால் துவேலே, பலவானால் துவேலென், வலிக்கிறது, வலிக்கின்றன. பிடிப்பதற்கும் இதே விதி. காப்பி பிடித்தால் "மே குஸ்தா எல் கஃபே". சுர்ரோஸ் பன்மையாயிற்றே, "மே குஸ்தான் லோஸ் சுர்ரோஸ்". பாடுவது, படிப்பது போன்ற காரியங்கள் எத்தனை பிடித்தாலும் 'குஸ்தா'தான்.

'எனக்கு' என்று ஆரம்பிக்க இங்கிலீஷ்காரர் திண்டாடுவார். நமக்கோ அது தாய்ப்பாலோடு வந்தது. ஆனால் நம் 'பிடிக்கும்' ஒருமை பன்மை பார்ப்பதில்லை. ஒரு பூவும் பிடிக்கும், நூறு பூக்களும் பிடிக்கும். அங்கேதான் நாம் சறுக்குவோம். அப்போது வலியை நினைத்துக் கொண்டால் போதும்.

அம்மாள் இதையெல்லாம் கற்றுக் கொள்ளுமுன் இன்னொரு சங்கடம் நேர்ந்தது. ஒருநாள் மருமகள் அவருக்குத் தலை பின்னிவிட்டாள். மனம் நெகிழ்ந்து, "உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்ல நினைத்து, "தே குஸ்தோ" என்று சொல்லிவிட்டார். அதற்கு அர்த்தம், "உனக்கு என்னைப் பிடித்திருக்கிறது!" எந்த மாமியார் இவ்வளவு துணிச்சலாகப் பேசுவாள்? அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு முகம் சிவக்க, "ஸீ" என்றாள். ஆமாம் என்று அர்த்தம்.

அர்த்தம் தெரிந்த பிறகு அம்மாள் வெட்கப்பட்டாராம். ஆனாலும் அந்த 'ஸீ'க்காகப் பத்துப் பிழை செய்யலாம் என்கிறார்.

திருப்பிச் சொன்னாலும் சரியாகாது. "மே குஸ்தாஸ்" என்பது பெரும்பாலும் காதலர் பேச்சு. பெற்ற பெண்ணிடமும் மருமகளிடமும் சொல்ல வேண்டியது, "தே கியேரோ முச்சோ", "உன்மேல் எனக்கு ரொம்பப் பிரியம்" என்பதே. ஊர் திரும்பும் நாளன்று விமான நிலையத்தில் அம்மாள் அதைப் பிழையில்லாமல் சொன்னார்.

மருமகளும் சும்மா இருக்கவில்லை. ரகசியமாகத் தமிழ் கற்று வைத்திருந்தாள். 'எனக்கு' என்ற ஆரம்பம் அவளுக்குச் சுலபமாக வந்தது. ஆனால் ஸ்பானிஷ் வழக்கப்படி, பிடித்தவருக்கு ஏற்ப வினைச்சொல்லை மாற்றிவிட்டாள்.

"எனக்கு நீங்கள் பிடிக்கிறீர்கள், அத்தை!"

இலக்கணப் பிழைதான். ஆனால் திருத்துவதற்கு எந்த மாமியாருக்கு மனம் வரும், சொல்லுங்கள்!